என்ஜின் போன காருக்கு எந்த வழி?

பேராக்கின் சுங்கை சிப்புட்டில் கார் நின்றுபோனால் ஒரு குடும்பத்தின் வாரமே நின்றுபோகிறது. எல்பில் தோட்டத்துப் பக்கம் குடியிருக்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கணவருக்குச் சிம்மோரில் தொழிற்சாலை வேலை. பிள்ளைக்கு மகாத்மா காந்தி கலாசாலை. மாமியாருக்கு வாரம் மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்பு. பெரிய வைத்தியம் என்றால் ஈப்போவில் உள்ள ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை. இத்தனைக்கும் இருப்பது ஒரே கார். அதுவும் பெரும்பாலும் பதினைந்து ஆண்டுகளைத் தாண்டிய புரோட்டோன் சாகா, இல்லையென்றால் முதல் தலைமுறை பெரோடுவா மைவி. என்ஜின் போய்விட்டது என்று பட்டறைக்காரர் சொன்ன நிமிடத்திலிருந்து ஆளுக்கொரு யோசனை வந்து குவியும். மச்சான் வேறு என்ஜின் போடச் சொல்வார். சித்தப்பா பிரித்து ஓவர்ஹால் செய்யச் சொல்வார். இரும்புக் கடைக்குத் தள்ளிவிட்டுப் புதுக் கார் எடு என்பார் பக்கத்து வீட்டுக்காரர். மூவருமே நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் மூவரும் பார்த்த கார்கள் வேறு, கார் நின்ற காரணங்களும் வேறு.

இந்த ஊர்ப் பட்டறை ஒன்றில் கணக்கு எழுதுவது என் வேலை. யார் எந்த வழியில் போனார்கள், எவ்வளவு கட்டினார்கள், அதே கார் எப்போது திரும்பி வந்தது என்பதெல்லாம் ரசீதுப் புத்தகங்களில் கிடக்கிறது. அவற்றைப் புரட்டிப் புரட்டி எனக்கு ஓர் அளவுகோல் உறுதியாகிவிட்டது. பழுதுச் செலவைக் காரின் விலையோடு ஒப்பிடாதீர்கள். மாதங்களாக மாற்றிப் பாருங்கள். அதை விளக்குவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

என்ஜின் ஏன் போனது என்று தெரியாமல் எந்த வழியிலும் காலெடுத்து வைக்காதீர்கள். ‘என்ஜின் போய்விட்டது’ என்ற ஒரு வாக்கியத்துக்குள் சில நூறு ரிங்கிட்டில் முடிகிற பழுதும் இருக்கலாம், பல ஆயிரத்தை விழுங்குகிற பழுதும் இருக்கலாம். நம் பக்கத்தில் அதிகம் வருவது சூடேறிப்போன என்ஜின். ஈப்போவிலிருந்து கோலகங்சாருக்கு நெடுஞ்சாலையில் வரும்போது மெனோரா சுரங்கப்பாதைக்கு ஏறுகிற மேடு பழைய கார்களைச் சோதித்துவிடும். ரேடியேட்டரில் கசிவு, வெடித்த ரப்பர் குழாய், தேய்ந்த தண்ணீர் பம்ப், திறக்காத தெர்மோஸ்டாட், சுற்றாத விசிறி என்று ஏதோ ஒன்று காரணமாக இருக்கும். என்ஜினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட் அலுமினியத்தால் ஆனது. அளவு மீறிய சூட்டில் வளைந்துவிடும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வளைந்தாலே அதற்கடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் பிடிப்பை விட்டுவிடும். பிறகு தண்ணீர் எண்ணெயில் கலக்கிறது. அளவுக்குச்சியை இழுத்துப் பார்த்தால் எண்ணெய் வெளிறிக் குழம்பியிருக்கும். புகைக்குழாயில் வெள்ளைப் புகை ஓயாது. இந்தக் கட்டத்தில் காரை ஓரங்கட்டியவருக்கு ஹெட்டைக் கழற்றிச் சீவி, கேஸ்கெட் மாற்றினால் பெரும்பாலும் போதும். ‘இன்னும் ஐந்து கிலோமீட்டர்தானே’ என்று ஓட்டிக்கொண்டு போனவருக்குப் பிஸ்டனும் ரிங்குகளும் சேர்ந்து போயிருக்கும்.

அடுத்தது எண்ணெய் இல்லாமல் ஓடிய என்ஜின். தோட்டத்துச் செம்மண் சாலையில் கல் அடித்து ஆயில் சம்ப் எனப்படும் எண்ணெய்த் தொட்டி ஓட்டையாவது இங்கே புதிதல்ல. அடிப்பக்கத்திலிருந்து கனத்த தட்டல் கேட்டால் கிராங்க் எனப்படும் சுழல்தண்டைத் தாங்கும் பேரிங்குகள் போய்விட்டன என்று பொருள். ஹெட்டைச் சீவுவதால் அது தீராது. வால்வுகளையும் பிஸ்டனையும் ஒத்து இயங்க வைக்கும் டைமிங் பெல்ட் அறுவது இன்னொரு வகை. புரோட்டோனின் கேம்ப்ரோ என்ஜினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் மேலேறி வால்வுகளை வளைத்துவிடும். மைவியின் கே3-வி.இ. என்ஜினில் பெல்ட்டுக்குப் பதிலாகச் சங்கிலி இருப்பதால் இந்த ஆபத்து குறைவு. பிறகு வெள்ளம். காற்று இழுக்கும் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போய்விட்டால், தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது. பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடுதான் வளையும். வெள்ளத்தில் நின்றுபோன காரை மறுபடி ஸ்டார்ட் செய்து பார்ப்பதைப்போல் பாதிப் பழுதை முழுப் பழுதாக்குகிற காரியம் வேறில்லை.

காப்புறுதி கைகொடுக்கும் என்று நம்பிக் காத்திருக்கவும் வேண்டாம். முழுக் காப்புறுதி எடுத்திருந்தாலும் தேய்மானமும் இயந்திரக் கோளாறும் அதில் சேராது. வெள்ளத்துக்குக்கூட, அதற்கான கூடுதல் பாதுகாப்பைத் தனியே கட்டணம் கட்டி எடுத்திருந்தால்தான் இழப்பீடு கேட்க முடியும். இழுவை வண்டிச் செலவை மட்டும் சில காப்புறுதிகள் ஏற்கின்றன; சாலையோரத்தில் தானாக வந்து நிற்கிற இழுவைக்காரரிடம் சாவியைக் கொடுப்பதற்கு முன் உங்கள் காப்புறுதி நிறுவனத்தை அழைத்துப் பாருங்கள்.

பட்டறையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “அண்ணே, கம்ப்ரஷன் எடுத்துப் பார்த்தீர்களா? ஒவ்வொரு சிலிண்டருக்கும் எவ்வளவு வந்தது?” சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு எழுகிறது என்று அளக்கும் சிறிய சோதனை இது. ஒரு சிலிண்டரில் அளவு குறைவாக வந்தால், அதில் கொஞ்சம் எண்ணெய் விட்டு மறுபடி அளப்பார்கள். அளவு ஏறினால் ரிங்குகள் தேய்ந்திருக்கின்றன. ஏறாவிட்டால் கோளாறு வால்விலோ கேஸ்கெட்டிலோ இருக்கிறது. மேல் வேலை போதுமா, அடிவரை பிரிக்க வேண்டுமா என்பதற்கு இதைவிட மலிவான சாட்சி கிடையாது. அளந்த எண்களைத் தாளில் எழுதிக் கொடுக்கத் தயங்குகிற இடத்தில் என்ஜினைத் திறக்க விடாதீர்கள். திறந்து போட்ட என்ஜினோடு வேறு பட்டறைக்குப் போவது பெரும்பாடு.

இப்போது கணக்குக்கு வருகிறேன். பழுதுச் செலவு காரின் விலையில் பாதியைத் தாண்டினால் காரை விட்டுவிடு என்று ஒரு விதி ஊரில் புழங்குகிறது. கார் வியாபாரிக்கு அது சரியான விதிதான். அவர் காரை விற்றுப் பிழைக்கிறவர். நீங்கள் அதை ஓட்டிப் பிழைக்கிறவர். ஓடும் நிலையில் 5,000 ரிங்கிட் பெறும் சாகாவுக்கு 4,500 ரிங்கிட் செலவு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வியாபாரியின் விதிப்படி அது வீண் செலவு. ஆனால் அந்த 4,500-ஐக் கையில் வைத்துக்கொண்டு, மாமியாரை ஏற்றிக்கொண்டு நம்பிப் போகக்கூடிய இன்னொரு காரை உங்களால் வாங்க முடியுமா? அந்த விலைக்கு வருகிற கார் எந்தச் சூட்டில் எத்தனை முறை நின்றது என்பது விற்கிறவருக்கு மட்டுமே தெரியும்.

ஆகவே புதுக் காரின் தவணையை அளவுகோலாக எடுத்துக்கொள்ளுங்கள். 2023-இல் பெரோடுவா 22,000 ரிங்கிட்டுக்கு அறிமுகப்படுத்திய ஆக்சியா இ ரகத்தை உதாரணமாக வைக்கிறேன். பத்து விழுக்காடு முன்பணம் 2,200. மீதி 19,800 முழுவதற்கும் ஒவ்வோர் ஆண்டும் மாறாத வட்டி 3.5 விழுக்காடு, வாடகைக் கொள்முதலின் உச்ச காலமான ஒன்பது ஆண்டு என்று கணக்கிட்டால் வட்டி மட்டும் 6,237 ஆகிறது. மொத்தம் 26,037, மாதத்துக்கு 241 ரிங்கிட். 4,500-ஐ 241-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 19 வரும். பழுதுபார்த்த கார் 19 மாதம் தொல்லை தராமல் ஓடிவிட்டால் புதுக் காரின் தவணைக்கு ஈடாகிவிட்டது. அதற்குப் பின் ஓடுகிற ஒவ்வொரு மாதமும் உங்கள் வீட்டில் தங்குகிற பணம். முன்பணத்தையும் புதுக் காருக்குக் கூடுதலாகும் காப்புறுதியையும் சேர்த்தால் அந்த 19 குறையும். ஒன்பது ஆண்டு கழித்துப் புதுக் காருக்கு ஒரு விற்பனை விலை மிஞ்சுவதைச் சேர்த்தால் கொஞ்சம் ஏறும். உங்களுக்கு வந்த மதிப்பீட்டையும் உங்கள் வங்கி சொல்கிற வட்டியையும் போட்டு நீங்களே வகுத்துப் பாருங்கள்.

வகுத்து வந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு காரைச் சுற்றி வாருங்கள். அத்தனை மாதத்துக்கு இதன் மற்ற பாகங்கள் தாங்குமா? கியர்பாக்ஸ் வழுக்குகிறதா, கியர் விழும்போது உதைக்கிறதா? கால் வைக்கும் தளத்தில் துருவா? மிதியடியைத் தூக்கி விரலால் அழுத்திப் பாருங்கள். எங்கள் ஊரின் ஈரத்தில் மேலே பளபளக்கிற கார்கூட அடியில் அரித்துப்போயிருக்கும். தளமும் சட்டகமும் துருவேறிய காருக்கு நல்ல என்ஜின் போடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கிறது. உடம்பு உறுதியாக இருந்து என்ஜின் மட்டும் போன காரைத் தூக்கிப் போடுவதும் அதே அளவு வருத்தமான காரியம்தான்.

காப்பாற்றுவது என்று முடிவானால் மூன்று வழி. முதலாவது டாப் ஓவர்ஹால்: ஹெட், வால்வு, கேஸ்கெட். அடிப்பகுதியின் கம்ப்ரஷன் நன்றாக இருந்தால் யோசிக்காமல் இதைச் செய்யுங்கள். ஹெட்டை லேத் பட்டறைக்கு அனுப்பிச் சமதளம் பார்த்தார்களா, விரிசல் சோதித்தார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது முழு ஓவர்ஹால். சிலிண்டரை 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் பெரிதாகக் குடைந்து, அந்த அளவுக்கான பிஸ்டனும் ரிங்கும் போட்டு, கிராங்க்கைத் தேய்த்து, பேரிங்குகளை மாற்றுகிற வேலை. என்ஜின் எண் மாறாது என்பதால் அரசாங்க அலுவலகங்களுக்கு நடக்க வேண்டியதில்லை. கை தேர்ந்தவர் செய்தால் நீண்ட நாள் உழைக்கும். ஆனால் இது மனிதரின் கையை நம்புகிற வேலை. லேத்தில் அளவு பிசகினாலும், மலிவான பேரிங் போட்டாலும், சில மாதத்தில் எண்ணெய் குடிக்கத் தொடங்கிவிடும். காரும் நாள்கணக்கில் பட்டறையில் கிடக்கும். அந்த நாள்களில் ரத்தச் சுத்திகரிப்புக்கு எப்படிப் போவது என்பதையும் செலவில் சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

மூன்றாவது வேறு என்ஜின் போடுவது. இங்கேதான் காரின் பெயர் முடிவை மாற்றுகிறது. பலர் கவனிக்காத இடமும் இதுதான். நம் நாட்டுக் கடைகளில் கிடைக்கும் ‘ஹாஃப் கட்’ என்ஜின்கள் பெரும்பாலும் ஜப்பானிலிருந்து வருபவை. அங்கே புதுக் கார் மூன்றாம் ஆண்டிலும், அதன்பின் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் கட்டாயப் பரிசோதனைக்குப் போக வேண்டும். அதற்கு ஆகிற செலவைப் பார்த்து, நன்றாக ஓடுகிற காரையே பலர் கைவிடுகிறார்கள். அந்தக் காரின் முன்பாதியை அறுத்து, என்ஜினும் கியர்பாக்ஸும் வயரிங்குமாகக் கப்பலில் அனுப்புகிறார்கள். 2005-இல் வந்த முதல் மைவியின் கே3-வி.இ. என்ஜின் டைஹாட்சு, டொயோட்டா சிறு கார்களிலும் உண்டு. பெரோடுவா கஞ்சிலுக்கும் டைஹாட்சு மீராதான் மூலம். புரோட்டோன் வீராவும் பழைய சாகாவும் மிட்சுபிஷி என்ஜின்களில் ஓடியவை. ஆகவே இந்தக் கார்களுக்கு, அதிகம் ஓடாத ஜப்பான் என்ஜின் தேடினால் கிடைக்க வாய்ப்புண்டு.

2008-இல் வந்த சாகாவின் கதை வேறு. அதன் கேம்ப்ரோ என்ஜின் புரோட்டோன் நிறுவனம் இங்கிலாந்தின் லோட்டஸ் கார் நிறுவனத்துடன் சேர்ந்து உருவாக்கியது. ஜப்பான் காரில் அது கிடையாது. உங்களுக்குக் கிடைப்பது இதே நாட்டில், இதே வெயிலில், உங்கள் என்ஜினைப்போலவே உழைத்து, விபத்திலோ வேறெதிலோ உடைபட்ட இன்னொரு சாகாவின் என்ஜின்தான். அதனால் கேம்ப்ரோ வைத்திருக்கிறவர்களுக்கு ஓவர்ஹாலே நல்லது என்பது என் துணிபு. உதிரி பாகங்களும் எளிதாகக் கிடைக்கின்றன. மைவி வைத்திருக்கிறவர்களுக்கு நான் வேறு என்ஜினைத்தான் சொல்வேன். வேலையும் சீக்கிரம் முடியும்.

பழைய என்ஜின் வாங்குகிறபோது அவசரம் ஆகாது. எண்ணெய் மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். கறுத்த கசடு அப்பியிருந்தால் அது எண்ணெய் மாற்றாமல் ஓடிய என்ஜின். தண்ணீர்க் குழாய்களின் வாயில் செந்துரு படிந்திருந்தால் வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். பணம் கட்டுவதற்கு முன் கம்ப்ரஷன் எடுக்கச் சொல்லுங்கள். என்ஜின் தரையில் இருக்கும்போதே டைமிங் பெல்ட், தண்ணீர் பம்ப், தெர்மோஸ்டாட், எண்ணெய் சீல்களைப் புதிதாக மாற்றிவிடுங்கள். காருக்குள் இறக்கிய பிறகு இதே வேலைக்குக் கூலி இரட்டிப்பாகும். உங்கள் பழைய என்ஜின் சூடேறித்தான் போனது என்றால், அடைத்துப்போன அதே ரேடியேட்டரைப் புது என்ஜினுக்குப் பூட்டாதீர்கள். இதைச் சொல்லியும் நூறு இருநூறை மிச்சம் பிடிக்கப் பார்க்கிறவர்கள் உண்டு. அப்படிப் பூட்டிய ரேடியேட்டர் இரண்டாவது என்ஜினையும் தின்றுவிடுகிறது.

உத்தரவாதத்தையும் வாயால் வாங்காதீர்கள். எத்தனை நாள், எதற்கு, மறுபடி கழற்றிப் பூட்டும் கூலி யாருடையது என்பது ரசீதில் இருக்க வேண்டும். தகராறு வந்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை 5 ரிங்கிட் கட்டணத்தில் பதியலாம், வழக்கறிஞர் தேவையில்லை. அங்கே பேசப்போவது உங்கள் ரசீதுதான்.

என்ஜின் மாறினால் என்ஜின் எண்ணும் மாறும். ஜே.பி.ஜே. எனப்படும் சாலைப் போக்குவரத்துத் துறையில் அதைப் பதிவு செய்யவும், வாகனத்தைப் பரிசோதனைக்குக் கொண்டுபோகவும் வேண்டும். என்ஜின் வாங்கிய ரசீதையும், இறக்குமதி என்ஜினுக்கான சுங்க ஆவணத்தையும் கடைக்காரரிடம் அன்றே கேட்டு வாங்குங்கள். ஆவணம் தர முடியாது என்கிறவரின் என்ஜின் எங்கிருந்து வந்தது என்று யோசியுங்கள். பதியாமல் விட்டால் காரை விற்கப் போகும் நாளில் பரிசோதனையில் சிக்கும். நடுவில் விபத்து நேர்ந்தால் காப்புறுதியிலும் கேள்வி எழும்.

காரை விடுவது என்று முடிவு செய்தவர்கள் முதலில் கடன் பாக்கியைப் பாருங்கள். வங்கியின் உரிமைக்கோரல் இருக்கும்வரை காரை விற்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. கார் ஓடவில்லை என்பதற்காகத் தவணை நிற்பதில்லை. இரும்புக் கடைக்காரர் வந்து தூக்கிக்கொண்டு போனதும் கதை முடிந்தது என்று எண்ணாதீர்கள். பெயர் மாற்றமோ பதிவு ரத்தோ நடக்காதவரை அந்த எண்பலகையோடு எது ஓடினாலும் சம்மன் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

புதுக் கார் யாருக்குப் பொருந்தும்? நிரந்தரச் சம்பளச் சீட்டு இருக்கிறவருக்கு, காரின் உடம்பும் துருவேறிவிட்டது என்றால், தயக்கமில்லாமல் பொருந்தும். 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தில் 241 என்பது ஏழில் ஒரு பங்கு. வேறு கடன் இல்லாத வீட்டால் தாங்க முடியும். ஆனால் குத்தகைக்காரரிடம் நாள்கூலிக்குச் செம்பனைக் குலை வெட்டுகிறவருக்கு வங்கிக் கடன் கிடைப்பது அரிது. கிடைக்க வேண்டுமென்றால் தம்பியையோ மைத்துனரையோ ஜாமீன் நிற்கச் சொல்ல வேண்டியிருக்கும். இன்னொன்று: ஆக்சியா இ கைமுறை கியர் கார். தானியங்கி காருக்கு மட்டும் உரிமம் எடுத்த பிள்ளைகளால் அதை ஓட்ட முடியாது.

சில மாதம் மோட்டார் சைக்கிளில் சமாளித்துப் பணம் சேர்ப்பதும் ஒரு வழிதான். தனியாளுக்கு அது சரி. நோயாளியும் கைக்குழந்தையும் இருக்கிற வீட்டுக்கு, மாலை தவறாமல் மழை கொட்டுகிற மாதங்களில், அதை நான் சொல்ல மாட்டேன். கையில் பணம் இல்லை என்றால் ஊழியர் சேமநிதியின் நெகிழ்வுக் கணக்கைப் பாருங்கள். 2024 மே மாதத்திலிருந்து அதில் இருப்பதை எந்தத் தேவைக்கும் எடுக்கலாம். அது முதுமைக்கான பணம், எடுக்க மனம் வராது என்பது தெரியும். ஆனால் என்ஜினுக்காக வட்டி முதலையிடம் கடன் வாங்கிய குடும்பம் காரையும் இழந்து, சம்பளத்தையும் இழந்து நிற்பதைப் பார்த்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

வேலை முடிந்து கார் வீட்டுக்கு வந்த பிறகு, முதல் 1,000 கிலோமீட்டரில் எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றிவிடுங்கள். தினமும் காலையில், என்ஜின் ஆறியிருக்கும்போது, ரேடியேட்டர் நீரையும் எண்ணெய் அளவையும் பாருங்கள்; சூட்டோடு மூடியைத் திறந்தால் கை வெந்துவிடும். வெறும் தண்ணீர் ஊற்றாமல் கூலன்ட் ஊற்றுங்கள். வெப்பமானி வழக்கமான இடத்தைத் தாண்டினால், மெனோரா மேட்டின் நடுவே என்றாலும், அந்த இடத்திலேயே ஓரங்கட்டி என்ஜினை அணைத்துவிடுங்கள்.